மதுரையிலிருந்தே படம் எடுக்கலாம்

"பெரியப்பா, படம் எடுக்கணும்னா சென்னைக்குத்தான் போகணுமா?" நேற்று தம்பி மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

போக வேண்டியதில்லை. நம் ஊர் அமுதன் ஆர்.பி. 'மறுபக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கி, நட்சத்திரங்களோ பெரிய ஸ்டுடியோவோ இல்லாமல் ஆவணப்படங்கள் எடுத்தவர். 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவையும் நடத்திவந்தார்.

அவருடைய 'பீ' 2003-ல் வந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் மதுரையில் ஒரு தெரு, மலம் அள்ளும் ஒரு பெண், அவர் பின்னாலேயே போகும் கேமரா. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்தும் அந்த அம்மா அதே வேலையில் நிற்கிறார். இப்படிப்பட்ட சந்துகளை மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை முறை கடந்திருக்கிறேன்! அங்கே வேலை செய்பவரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படம்தான்.

நான் போன திரையிடல் ஒன்றில் முப்பது பேர்கூட இல்லை. ஆனால் விளக்கு போட்டதும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. ஆவணப்படத்துக்கு அதுதான் வசூல் என்று நினைக்கிறேன்.

பையன் வைகைக் கரையில் துணி வெளுப்பவர்களை போனிலேயே எடுக்கப் போகிறானாம். முதலில் கேமரா இல்லாமல் போய் அவர்களோடு பேசச் சொன்னேன். சரி என்றான். ஞாயிறு காலை நானும் கூடப் போகிறேன்.