நேம்பிளேட்டில் உள்ள எண்களுக்கு யார் பொறுப்பு?

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்புகள்தான் எங்கள் தயாரிப்பு. ஐஎஸ்ஐ முத்திரை என்றதும் 'நல்ல சரக்கு' என்று எடுத்துக்கொள்வார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதி விஷயம்தான். எங்கள் பம்பில் அந்த முத்திரைக்கு மேலே ஐஎஸ் 8034 என்று இருக்கும், கீழே உரிம எண் இருக்கும். எந்தத் தர ஆவணத்தின்படி சோதித்தோம் என்பதை மேலே உள்ள எண் சொல்லும். பிரச்சினை வந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதற்குக் கீழே உள்ள எண். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் முத்திரை மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இதை நடத்தும் அமைப்பு 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பே, இந்தியத் தர நிறுவனமாக, அதாவது ஐஎஸ்ஐயாக, தொடங்கியது. 1987 ஏப்ரலில் இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், ஆனது. இப்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. முத்திரையில் மட்டும் பழைய பெயர் அப்படியே நிற்கிறது.

எங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். பம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஓடவிட்டு, டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவோம். வால்வு மூட மூட ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம், ஏறும்; தண்ணீரின் அளவு இறங்கும். ஒவ்வொரு நிலையிலும் கேஜ், ஃப்ளோ மீட்டர், வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாவற்றையும் குறிப்போம். கரண்ட் 50 ஹெர்ட்ஸில் வர வேண்டும், 49.6இல் வந்து நிற்கும். ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறையும், அதனால் அப்படியே எழுதிவிட முடியாது. வேகத்தோடு தண்ணீரின் அளவு நேராக மாறும், ஹெட் இருமடியில் மாறும், பவர் மும்மடியில் மாறும். அதையெல்லாம் திருத்திய பிறகுதான் வளைகோடு வரையலாம். நேம்பிளேட்டில் நாங்கள் போட்ட ஹெட்டில் போட்ட அளவு தண்ணீர் வருகிறதா, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்ற திறன், தர ஆவணம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று அந்தக் கோடு காட்டிவிடும்.

திறன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால் பம்ப் வாங்க வருகிற விவசாயி எத்தனை இன்ச் தண்ணீர் வரும் என்று கேட்பாரே தவிர, எத்தனை யூனிட் ஓடும் என்று கேட்க மாட்டார். கேட்க அவருக்குக் காரணமும் இல்லை. ஆனால் வீணாகும் மின்சாரத்துக்கு யாரோ பணம் கட்டத்தான் செய்கிறார்கள். வாங்குபவரும் கேட்காத, விற்பவரும் சொல்லாத ஒன்றைத் தர ஆவணத்தின் ஒரு அட்டவணை காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தேசியத் தர அமைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். "ஐஎஸ்ஐ போட்ட பம்புன்னு நம்பித்தானுங்க தம்பி வாங்குனேன். ரெண்டு மாசத்துல காயில் போயிருச்சு" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "உங்க போர்ல தண்ணி எத்தனை அடியிலங்க இருக்கு?" என்று கேட்டேன். நூற்று முப்பது அடி என்றார். அவர் கொண்டுவந்த பம்பின் நேம்பிளேட்டில் ஹெட் ரேஞ்ச் 90 மீட்டரிலிருந்து தொடங்குகிறது. அதாவது கிட்டத்தட்ட முந்நூறு அடி. ஆழமான போருக்கான பம்பை மேலாகத் தண்ணீர் இருக்கும் போருக்குக் கடையில் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் அள்ளிக் கொட்டியிருக்கிறது, அவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஹெட் குறைந்தால் இந்த வகைப் பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்திவிடும் ரிலே ஸ்டார்ட்டரில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியன் அதன் அளவையும் கூட்டி வைத்திருக்கிறார். அப்புறம் காயில் தாங்குமா?

அதே மாடலில் வேறொரு பம்பை எடுத்து அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினோம். போட்ட ஹெட்டில் போட்ட தண்ணீர் வந்தது. வால்வை முழுக்கத் திறந்ததும் அம்மீட்டர் முள் பிளேட்டில் உள்ள அதிகபட்ச ஆம்பியரைத் தாண்டியது. அவர் அந்த முள்ளையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப கடைக்காரரு இதப் படிச்சுட்டுத்தானுங்களே குடுத்திருக்கோணும்?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். ஹெட் ரேஞ்ச், அதிகபட்ச ஆம்பியர், போரின் அளவு எல்லாம் பிளேட்டில் இருக்க வேண்டும் என்று தர ஆவணம் கட்டாயப்படுத்தியதால்தான் அவரால் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

பிஐஎஸ் அதிகாரிகள் சொல்லாமல்தான் வருவார்கள். முடிந்த சரக்கிலிருந்து ஒன்றை எடுத்து சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கடையில் வாங்கியும் சோதிப்பார்கள். பதிவேட்டை எடுத்துக் கேஜின் அளவுத்திருத்தச் சான்று எங்கே என்று கேட்பார்கள். இதைத் தொல்லை என்று சொல்லும் சக தொழிலாளர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கேஜ் தவறினால் நாங்கள் வரைந்த கோடுகள் அத்தனையும் தவறு. அந்தச் சான்றைப் பிடித்துக்கொண்டே போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகள் வரை போக முடிய வேண்டும்.

வாங்குபவர்கள் பிஐஎஸ் கேர் செயலியில் உரிம எண்ணை அடித்துப் பார்க்கலாம். எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். அதிலேயே புகாரும் கொடுக்கலாம். நகையில் உள்ள ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணையும் அதிலேயே சரிபார்க்கலாம். நகைக்குப் பார்க்கும் அளவுக்குப் பம்புக்கு யாரும் பார்ப்பதில்லை.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. தர ஆவணங்களை அதிகாரிகள் அறையில் உட்கார்ந்து எழுதிவிடுவதில்லை. தயாரிப்பாளர்கள், ஆய்வகங்கள், அரசுத் துறைகள், நுகர்வோர் அமைப்புகள் எல்லாம் உட்காரும் குழுக்கள் எழுதுகின்றன. பம்புகளுக்கு எம்இடி 20 என்ற குழு. வரைவைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்பார்கள். எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஏன் என்று ஒரு படிவத்தில் நிரப்பி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். முன்பு தர ஆவணத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து அட்டவணை எண்களே அழிந்துபோன பிரதிகளை வைத்து வேலை செய்திருக்கிறோம். இப்போது இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இருந்தும் எங்களைப் போன்ற சிறு தொழிற்சாலைகளில் வரைவைப் படிப்பவர்கள் அபூர்வம். திருத்தம் வெளியான பிறகு "இதை எப்படி டெஸ்ட் பண்றது?" என்று புலம்புவோம். விவசாயிகளின் குரலோ அங்கே போய்ச் சேர்வதே கஷ்டம்.

விவசாயி அடிக்கணக்கில் யோசிக்கிறார், பிளேட் மீட்டரில் பேசுகிறது. பம்போடு வரும் கையேட்டில் உள்ளூர் மொழியில், எந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கும் போரில் இந்தப் பம்பை இறக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை அடுத்த வரைவுக்கான படிவத்தில் எழுதப் போகிறேன். பக்கத்துத் தொழிற்சாலை நண்பர்கள் சிலரும் தனித்தனியாக அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஏன்' என்ற கட்டத்தில் எழுத எங்கள் சர்வீஸ் பதிவேட்டில், ஹெட் பொருந்தாமல் எரிந்து வந்த மோட்டார்களின் விவரத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.