காலையில் மட்டும் வரும் உதறல்

"காலையில எடுக்கும்போது மட்டும் பத்து செகண்டு உதறுது தம்பி. அப்புறம் ஒண்ணுமில்ல." பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் சொன்னது இவ்வளவுதான். நான் சொன்ன பதில்தான் இன்னும் என்னை விடவில்லை: "ஹைபிரிட்ல இன்ஜின் நின்னு நின்னு ஓடும் சார், லேசா அப்படித்தான் இருக்கும்."

முழுப் பொய்யில்லை அது. இன்ஜின் பிடிக்கும் நேரத்தில் ஒரு சின்ன அதிர்வு வரத்தான் செய்யும். ஆனால் எட்டு வருடமாக அதே வண்டியை ஓட்டுகிறவருக்கு அந்த அதிர்வு எது, இந்த உதறல் எது என்று தெரியாதா?

ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறுக் குறியீடு. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றி எரியவில்லை. பேட்டரி பிளாக்குகளின் வோல்டேஜ் சமமாக இருந்தது. தீப்பொறி தரும் பிளக் தேய்ந்திருந்தது, நான்கையும் மாற்றினேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒரு விரற்கடை குறைவு, ஊற்றி நிரப்பினேன். ஓட்டிப் பார்த்தேன், ஏற்றத்திலும் நன்றாக இழுத்தது. அன்று மாலையே கொடுத்துவிட்டேன்.

அந்த இழுவையை நம்பியிருக்கக் கூடாது. சாதாரண வண்டியில் ஒரு சிலிண்டர் சோர்ந்தால் மிதிக்கும்போதே தெரிந்துவிடும். இதில் மோட்டார் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்றால், வழக்கமான ஸ்டார்ட்டரும் கிடையாது. பெரிய மோட்டார் இன்ஜினை ஒரே மூச்சில் சுழற்றிவிடுகிறது. காற்றை அழுத்தும் வலு, அதாவது கம்ப்ரஷன், குறைந்த சிலிண்டரின் தடுமாற்றம் காதில் விழுவதே இல்லை.

சரி, இதெல்லாம் நியாயம்தான். ஆனால் கோளாறு வந்த நொடியின் நிலவரத்தை வண்டியின் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்ததே! அந்தக் குறியீடு பதிவான நொடியில் கூலண்ட் 27 டிகிரி. இரவெல்லாம் நின்ற வண்டி. அவர் சொன்னதையே கம்ப்யூட்டரும் சொல்லியிருந்தது. தேய்ந்த பிளக்கும் குளிரில்தான் முதலில் படுத்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைந்திருந்த கூலண்டையும் அந்த 27 டிகிரியையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் மூன்று பிஸ்டன் தலையில் கரி, இரண்டாவது மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. ஹெட்டுக்குக் கீழே கசிவை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் கூலண்ட் கசிந்து உள்ளே இறங்கி, காலையில் அதுதான் உதறியிருக்கிறது. இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரும் கரியால் பாதி அடைபட்டிருந்தது.

அன்றே கண்டுபிடித்திருந்தாலும் கேஸ்கெட் மாற்றித்தான் ஆக வேண்டும். இதைப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று ஹெட் வளைந்திருக்காது. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான்தான் சரியா சொல்லலையோ தம்பி" என்றார்.

அதற்கப்புறம் காலையில் உதறுகிறது என்று யார் வந்தாலும் வண்டியை ஒரு ராத்திரி விட்டுப் போகச் சொல்கிறேன். கூலண்ட் சிஸ்டத்துக்குப் பிரஷர் ஏற்றி வைத்து, விடிந்ததும் பிளக்கைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் மட்டும் முடியாது, இன்றே வேண்டும் என்றார். கொடுத்துவிட்டேன். கூலண்ட் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் ஸ்டார்ட் பண்ணும் முன் பார்க்கச் சொன்னேன். பார்க்கிறாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.