பேப்பர் நனையாத ராத்திரி

ஸ்க்ரூடிரைவர் என் காரின் தரைத்தகட்டுக்குள் இறங்கி அந்தப் பக்கம் வெளியே வந்தது. தகடு வேலை பார்க்கும் டிங்கர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாருங்க சார் இதுக்குக் கோட்டிங் அடிச்சது?"

சொல்ல வெட்கமாக இருந்தது. போன வருஷம்தான் ஒரு பட்டறையில் பதினெட்டாயிரம் அழுது, துருப்பிடிக்காமல் அடியில் பூசும் அண்டர்கோட்டிங் அடித்திருந்தேன். துருவைச் சுரண்டாமல் மேலேயே கறுப்பாகப் பூசித் தள்ளியிருக்கிறார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே தகடு அப்பளம்.

அப்பா வைத்துவிட்டுப் போன 1986 பிரீமியர் பத்மினி. இந்த வண்டிக்கு அடியில் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸும்தான் எலும்பு. அது போனால் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் பிரயோஜனமில்லை. வீடு வேறு திருவான்மியூரில். உப்புக்காற்று போதாதென்று, பாதுகாப்பு என்று நினைத்து நானே மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். ஈரம் உள்ளேயே நின்று வேகவைத்துவிட்டது.

"வெட்டி ஒட்டுறது என் வேலை. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை" என்று டிங்கர் சொன்னது நல்லதாகப் போயிற்று. மேட்டையும் அதற்கடியில் பஞ்சாக ஊறிக் கிடந்த சணல் விரிப்பையும் பிடுங்கிப் போட்டு, தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்தேன். வெளியிலிருந்து ஓஸில் தண்ணீர் அடித்த ஐந்தே நிமிஷத்தில் டிரைவர் பக்கத்துப் பேப்பர் நனைந்தது. முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங்தான் காரணம். ஒரு ரப்பர் பட்டை, தரையையே தின்றிருக்கிறது!

அந்த ரப்பரைத் தேடிய கதைதான் பெரிது. சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு முதல் தடவை வெறுங்கையோடு போனேன். "எல்லா பத்மினிக்கும் இதான் சார்" என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். மாட்டினால் கட்டை போல விறைத்து நின்றது, மூலையில் உட்காரவே இல்லை. திரும்பக் கொண்டுபோனால், மாட்டின சாமானை எடுக்க மாட்டார்களாம். அடுத்து மும்பையில் ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது பின் கண்ணாடிக்கான பீடிங். போன் செய்தால், "டாக்ஸி ஓடுற வரைக்கும் எல்லாம் கிடைச்சுது, இப்ப இருக்கிறதுதான்" என்றார். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரோடு ஆயுள் முடிந்தது உண்மைதான். அதற்காக என் முன் கண்ணாடிக்குப் பின் பக்க ரப்பரா?

கடைசியில், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சந்தில் ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "சாம்பிள் எங்க தம்பி?" மறுநாள் பழைய பீடிங்கில் இரண்டு இஞ்ச் வெட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தின் அகலத்தை ஒத்துப் பார்த்துவிட்டு மச்சிலிருந்து ஒன்றை இறக்கினார். "நகத்தால அழுத்து. தடம் உடனே மறையணும். மறையலைன்னா யார் கொடுத்தாலும் வாங்காத." அந்த ஒரு பாடத்துக்கு நான் மூவாயிரத்துக்கு மேல் ஃபீஸ் கட்டியிருந்தேன்.

டிங்கரிங் பன்னிரண்டு நாளில் முடிந்தது. கேஸ் வெல்டிங் வேண்டாம், சி.ஓ.2 வெல்டிங்தான் என்று பிடிவாதமாக நில்லுங்கள். மெல்லிய தகடு கேஸ் வெல்டிங் சூட்டில் நெளிந்துவிடும். ப்ரைமர் அடிக்குமுன், டிங்கர் பக்கத்திலேயே நின்று பாருங்கள். மேடுபள்ளத்தை மறைக்கும் பட்டி எவ்வளவு அப்பியிருக்கிறார்கள் என்று தெரிய ஒரு காந்தம் போதும், துணி சுற்றி வைத்துப் பார்த்தால் பெயின்ட்டும் கீறாது. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. என் வண்டியில் அவற்றைப் பெயின்ட்டாலேயே அடைத்திருந்தார்கள். கம்பியை விட்டுக் குத்தியதும் அரை டம்ளர் சேற்றுத்தண்ணீர் கொட்டியது. பாக்ஸுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்துவிட்டேன். வேஸ்ட் ஆயில் அடிக்கச் சொல்வார்கள், மலிவுதான். ஆனால் அடியில் இருக்கும் புஷ் ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிடும், பிரேக் டிரம்மில் பட்டால் வண்டி நிற்காது.

பீடிங்கை நானும் தம்பியுமே மாட்டினோம். பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத்தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து மெல்ல இழுக்க ஒன்றரை மணி நேரம்.

போன வாரம் ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிந்ததும் டார்ச்சோடு ஓடினேன். முன் சீட்டடியில் விரித்து வைத்திருந்த இரண்டு பேப்பரும் மொறமொறவென்று காய்ந்திருந்தன. பின் சீட்டடியிலும் அப்படியே. டிக்கியில் போட்டது மட்டும் தொப்பல். டிக்கி பீடிங்கில் இரண்டு இஞ்ச் வெட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன்.