ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு நான் கொடுத்த விலை

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு சின்னக் கருவிக்கு 165 டாலர், போயே போச்சு. ஒரு பெரிய கருவிக்கு 600 டாலர் முன்பணம், மயிரிழையில் திரும்பி வந்தது. இப்போது கொஞ்சமாவது உதவுவது மருந்துக் கடையில் 38 டாலருக்கு வாங்கிய மூன்றாவது ஒன்று. அதையும் நான் எனக்கு வந்த லைம் நோய்க்கு (உண்ணி கடித்து வருகிற கிருமித் தொற்று) என்று வாங்கவில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு அரை வருஷம் ஆனது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபர்ட் பக்கம். இந்த நோய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த லைம் என்ற ஊர் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான். 1975 வாக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்க, அம்மாக்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான் இது வெளியே வந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மானும் உண்ணியும் எங்கள் கொல்லைப்புறத்திலேயே உண்டு. ஆனால் குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும் என்பதும், நம் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு வட்டம் படத்தில் காட்டுகிற மாதிரி வில்வித்தைப் பலகையாகத் தெரியாது, வெறும் கன்றிப்போன தடம் மாதிரிதான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. ஜூனில் தொடையில் வந்த தடத்தைப் பார்த்த அவசர சிகிச்சை மையத்தில் "சிலந்தி கடித்திருக்கும்" என்று ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். நவம்பரில் வலது முழங்கால் பலாக்கொட்டை வைத்துக் கட்டியது போல வீங்கியபோதுதான் ரத்தப் பரிசோதனை. வெஸ்டர்ன் பிளாட் என்கிற அந்தப் பரிசோதனையில் பத்துப் பட்டையில் ஐந்து வந்தாலே பாசிட்டிவ், எனக்கு எட்டு. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். வீக்கம் வடிந்தது.

அசதி வடியவில்லை. பகல் இரண்டு மணிக்கு யாரோ பிளக்கைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும், முழங்காலில் ஒரு குடைச்சல் வேறு. தொற்றுநோய் மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார்: சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு இப்படி நீடிக்கும், மருந்தை மாதக்கணக்கில் நீட்டினால் பலன் இல்லை என்று 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள், நாளாக ஆகக் குறையும். "நாட்பட்ட லைம்" என்ற பெயரையே அவர் வாயால் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் வெறுங்கையோடு வெளியே வந்தவளுக்குச் சரியான பதிலைவிட ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் நம்மைத் தேடி வருகிறவர்கள்தான் இந்தக் கருவிக்காரர்கள்.

தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு அக்கா, அவர் அலுவலகத்தில் யாருக்கோ சரியானதாகச் சொல்லி கிருமியை மின்சாரத்தால் கொல்லும் என்று விற்கிற 'ஸாப்பர்' என்ற கைக்கருவி பற்றிச் சொன்னார். குறைந்த மின்சாரம், பயமே இல்லை, 7 நிமிடம் பிடி, 20 நிமிடம் விடு, இப்படி மூன்று தடவை. இது ஹல்டா கிளார்க் என்ற அம்மையார் பரப்பிய முறை. அதற்கும் முன்பு 1930களில் சான் டியேகோவில் ராயல் ரைஃப் என்பவர் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு அதிர்வெண் உண்டு, அதைக் கொடுத்தால் கிருமி உடைந்துவிடும் என்று சொன்னார். இன்று விற்கிற பாதிக் கருவிகளுக்கு அவர் பெயர்தான். அவர் சொன்னதை யாரும் நிரூபித்ததில்லை என்பதையும் படித்தேன். படித்த அன்று ராத்திரியேதான் ஆர்டரும் போட்டேன்.

வந்தது சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு செப்புக் குழாய். குழாயில் ஈரத்துணி சுற்றி இரண்டு கையிலும் பிடிக்க வேண்டும். முதல் வாரமே உள்ளங்கையில் பச்சைக் கறை. குழாய் கறுத்துப்போய், நான் உட்கார்ந்து அதைக் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இதில் நான் விழுந்த குழி ஒன்று இருக்கிறது, அதை நன்றாகப் பார்த்து வையுங்கள். இரண்டாவது வாரம் அசதி கூடியது. விற்றவருக்கு எழுதினேன். "நல்ல அறிகுறி, கிருமி சாகும்போது வெளியேறும் நஞ்சு அது, விடாமல் செய்யுங்கள்" என்று பதில். இப்படி ஒரு எதிர்வினை இருப்பது கற்பனை இல்லை, லைம் மாதிரித் திருகு வடிவக் கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பித்த முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் வருவது உண்மைதான். ஆனால் இவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்: உடம்பு தேறினால் கருவி வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, ஒன்றுமே ஆகாவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். எது நடந்தால் 'வேலை செய்யவில்லை' என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நான் ஆறாவது வாரம் கேட்டேன், பதிலே வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் பேசாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். அவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். உள்ளே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, நாலைந்து ரெசிஸ்டர், 555 டைமர் என்கிற ஒரு சின்னச் சில்லு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதை வைத்து நாங்கள் இரண்டாம் வருஷத்தில் லைட்டை மினுக்கினோம்" என்றார். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அந்த 555 என்ன விலை என்று அவர் சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். திருப்பி அனுப்பலாம் என்றால், திறந்த பெட்டியை எடுப்பதில்லையாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை சின்னது. ஆனால் எனக்குத் தோன்றியது என்னவென்றால், நான் வாங்கியது மலிவுச் சரக்கு, நல்லதாக வாங்கினால் கேட்கும் என்று. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஹோட்டல் அரங்கு ஒன்றில் உடல்நலக் கண்காட்சி. அங்கே 2,400 டாலரில் ஒரு கருவி, திரை, ஒட்டுப் பட்டைகள், நூற்றுக்கணக்கில் 'நிரல்கள்', அதில் லைமுக்குத் தனியாக ஒன்று. என் பழைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இன்னும் பாசிட்டிவ் காட்டினால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்" என்றார் அந்த மனிதர். அது தப்பு. அந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. குணமான பிறகும் அது வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன், என்னவோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு. முத்திரையெல்லாம் போட்ட பதிவுச் சான்றிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார், ஒரு கே எண்ணும் கொடுத்தார். 600 டாலர் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால்தான் தெரிகிறது. எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்வது என்பது கம்பெனி தன் பெயரையும் பொருளையும் கொடுத்துக் கட்டணம் கட்டுவது, அவ்வளவுதான். அதற்கு எஃப்.டி.ஏ. சான்றிதழே கொடுப்பதில்லை. அப்படி ஒன்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தால் அதை அச்சடித்தது வேறு யாரோ. கே எண் மட்டும் உண்மையானதுதான், கே எழுத்துக்குப் பின்னால் ஆறு இலக்கம், எஃப்.டி.ஏ. தளத்தில் 510(கே) என்கிற, விற்க அனுமதி பெற்ற கருவிகளின் பட்டியலில் போட்டால் வந்துவிடும். ஆனால் எண் இருக்கிறது என்று அங்கேயே திருப்தியாகி விடாதீர்கள். அந்தக் கோப்பில் 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்று ஒரு பக்கம் இருக்கும். என்னுடையதில் இருந்தது இவ்வளவுதான்: தசை, மூட்டு வலிக்குத் தற்காலிக நிவாரணம். லைம் இல்லை, கிருமி இல்லை, அசதி இல்லை. அந்த 2,400 டாலர் திரைக்குள் இருந்தது தோல் வழியாக லேசான மின்சாரம் கொடுத்து வலியைக் குறைக்கிற சாதாரண டென்ஸ் கருவி!

அப்புறம் ஆரம்பித்தது ஓட்டம். ஹோட்டல், கண்காட்சி மாதிரித் தற்காலிக இடத்தில் 130 டாலருக்கு மேல் வாங்கினால் மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று மத்திய அரசு விதி ஒன்று இருக்கிறது. (இணையத்தில் வாங்கியதற்கு இது கிடையாது, ஆகவே என் 165 டாலருக்கு வழியில்லை.) வெள்ளிக்கிழமை வாங்கினேன், திங்கள், செவ்வாய், புதன், புதன்கிழமை ராத்திரி வரை நேரம் இருக்கிறது என்று நிதானமாக இருந்தேன். செவ்வாய் மதியம் வீட்டுக்காரர் விதியை முழுசாகப் படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்: சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில் சேரும். அப்படியென்றால் இன்றைக்கே கடைசி.

விற்றவர் ரத்துப் படிவம் இரண்டு பிரதி கொடுத்திருக்க வேண்டுமாம். என் ரசீதின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது, முன்பக்கத்தில் முகவரிகூட இல்லை. தொலைபேசியில் கேட்டால், "ரத்து செய்தால் 25 சதவீதம் பிடிப்போம், முகவரியை மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்றார்கள், அனுப்பவில்லை. கடைசியில் கருவியின் கையேட்டுப் படத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாக ஒரு தபால் பெட்டி எண் கிடைத்தது. நானே ஒரு தாளில் கையால் எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டு, நொண்டிக்கொண்டே தபால் நிலையத்துக்குள் நுழையும்போது 4:50. கவுன்டர் பெண்மணி பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வாங்களேன்" என்றார். இன்றைய தேதி முத்திரை இல்லாவிட்டால் எனக்கு 600 டாலர் போய்விடும் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், பலகையைத் திரும்ப வைத்தார். சான்றஞ்சல், பச்சை நிற ஒப்புகை அட்டையோடு. ஒன்பதாம் நாள் முழுப் பணமும் வந்தது, 25 சதவீதப் பேச்சே இல்லை.

ஸாப்பர் பணத்தை எஃப்.எஸ்.ஏ. கணக்கிலிருந்தாவது (மருத்துவச் செலவுக்கு என்று சம்பளத்தில் வரியில்லாமல் ஒதுக்கும் பணம்) எடுக்கலாம் என்று பார்த்தேன். மருத்துவத் தேவைக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவரிடம் போனால், "முழங்கால் வலிக்கு டென்ஸ் என்றால் பேசலாம், லைமுக்கு இது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அந்த வாக்கியத்தில்தான் நான் என்ன வாங்க வேண்டும் என்பதும் இருந்தது.

ஆகவே 38 டாலர் டென்ஸ். அதற்கு எஃப்.எஸ்.ஏ. மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. முழங்காலின் இரண்டு பக்கமும் ஒட்டி இருபது நிமிடம், எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கலாம். அவ்வளவுதான், அசதியை அது தொடுவதில்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், யாராக இருந்தாலும் கழுத்தின் முன்பக்கம் ஒட்டாதீர்கள். எண்ணெய் தேய்த்த காலில் ஒட்டினால் பட்டையின் பசை ஒரே நாளில் போய்விடும், ஒரு செட் அப்படித்தான் போனது. உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் இடுக்கியால் தலையைப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் போதுமா என்று பார்த்துச் சொல்வார்.

போன வாரம் நடுராத்திரி கூடத்தில் புகை எச்சரிக்கைப் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வீட்டில் மாற்றுப் பேட்டரி இல்லை. வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து ஸாப்பரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி ஏணியில் ஏறி மாட்டினார். கத்தல் நின்றது. ஏணியில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.