வெள்ளைச் சுவரும் இரண்டு கேமராக்களும்

என் மேசையில் இரண்டு சின்ன கேமராக்கள் ஓர் அலுமினியப் பட்டையில் 6 செ.மீ. இடைவெளியில் திருகப்பட்டிருக்கின்றன. ஆழம், அதாவது பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க இவ்வளவு போதும். ஒரே புள்ளி இரு படங்களிலும் எத்தனை பிக்சல் விலகி விழுகிறது என்று பார்க்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தை (பிக்சல் கணக்கில்) கேமராக்களின் இடைவெளியால் பெருக்கி, அந்த விலகலால் வகுத்தால் தூரம் வந்துவிடும்.

என் லென்ஸுக்குக் குவியத் தூரம் 700 பிக்சல். 1 மீட்டரில் உள்ள பொருள் 42 பிக்சல் விலகும். 10 மீட்டரில் வெறும் 4.2. ஒரே ஒரு பிக்சல் குறைந்தால் கிட்டத்தில் இரண்டரை செ.மீ. பிசகும், தூரத்தில் சுமார் 3 மீட்டர்! இடைவெளியைச் சொல்லாமல் '20 மீட்டர் வரை அளக்கும்' என்று பீற்றிக்கொள்ளும் விளம்பரங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

இரு படங்களிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்துவதற்கு, ஓப்பன்சிவி என்ற இலவசப் படக்கணிப்பு நிரல் தொகுப்பில் உள்ள எஸ்ஜிபிஎம் என்ற நிரல். ஆய்வாளர் ஹிர்ஷ்முல்லர் 2005இல் முன்வைத்த முறையை ஒட்டியது. பக்கத்துப் பிக்சல்களின் விலகல் சட்டென்று மாறினால் அபராதம் போடும். கெட்டிக்கார முறை, ஆனால் வெற்றுச் சுவரைக் காட்டினால் திணறிவிடும். எல்லாம் ஒரே வெள்ளை, எதை எதோடு பொருத்துவது? ரியல்சென்ஸ் டி435 என்ற ஆழம் அளக்கும் கேமரா அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்துச் சமாளிக்கிறது. நான் சுவரில் செய்தித்தாளை ஒட்டிவிட்டேன்.

அப்புறம், பட்டையை யாராவது இடித்துவிட்டால் சதுரங்கக் கட்டத் தாளைப் பிடித்துக்கொண்டு அளவுத்திருத்தம் (இரு கேமராக்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்ற கணக்கு) முதலிலிருந்து.