கழுத்துக்குக் கீழே

எழுதுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன், புது நோட்டு வாங்கிப் பார்த்தேன். பகலெல்லாம் திரையில் படங்களைத் திருத்திவிட்டு, இரவில் மறுபடி ஒரு வெள்ளைத் திரையின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது.

என் வேலை விளம்பரப் படங்களைச் சரிசெய்வது. பருவை எடுப்பது, தோலைச் சீராக்குவது, இடுப்பை உள்ளே தள்ளுவது. பெண்களின் படங்களில் இதைச் செய்யும்போது கை கொஞ்சம் தயங்கும். "இது ரொம்ப அதிகம், குறைச்சிடு" என்று அலுவலகத்திலும் யாராவது சொல்வார்கள். இந்தத் தயக்கம் வருவதற்கே எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் பேசவேண்டியிருந்தது.

அந்த முறை வந்தது ஒரு ஆணின் படம். உள்ளாடை விளம்பரம். படப்பிடிப்புக்கும் போயிருந்தேன். தசைக்கோடுகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அந்தப் பையன் முந்தைய நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் தண்டால் எடுத்துவிட்டு வந்து நின்றான். கிளிசரின் கலந்த தண்ணீரை மார்பில் தெளித்தார்கள். வேர்வை மாதிரி முத்து முத்தாக நிற்கும், சீக்கிரம் காயாது. "பாடி கொஞ்சம் லெஃப்ட்ல வரட்டும்" என்று ஒரு குரல். அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

அப்புறம் என் மேஜை. வயிற்றுக் கோடுகளை இருட்டாக்கி, மேடுகளில் வெளிச்சம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் குறிப்பு வந்தது: முகம் வேண்டாம், கவனம் சிதறுகிறது. கழுத்தோடு வெட்டினேன். பின்னால் நின்றிருந்த தோழி அந்த உடம்பைப் பற்றி ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அதே பேச்சை ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து ஒரு ஆண் பேசியிருந்தால் அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்தவன் என் திரையைப் பார்த்தான். "முகம் வராதா மேடம்?" என்றான். வராது என்றேன். "அப்போ இது நான்தான்னு எப்படித் தெரியும்?" அடுத்த வாய்ப்புக் கேட்டுப் போகும் இடத்தில் காட்ட அவனுக்கு அந்த முகம் வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு நான்கு பக்கம் எழுதினேன். அவன் கேள்வி உள்ளே கிடந்து உறுத்தியது, எழுதாமல் தூங்க முடியவில்லை. அவ்வளவு நாளாக நான் தேடியது இப்படி ஒன்றைத்தான் போலிருக்கிறது.

எழுத எழுதப் பழைய விளம்பரங்கள் நினைவுக்கு வந்தன. 1982இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கால்வின் கிளைன் உள்ளாடைக்காகப் பிரம்மாண்டமாக நின்றவர் டாம் ஹின்ட்னாஸ், கோலூன்றித் தாண்டும் வீரர். முகம் இருந்தது, கண்கள் மூடியிருந்தன. 1994 வாக்கில் வந்த டயட் கோக் விளம்பரத்தில், சட்டையைக் கழற்றும் கட்டிடத் தொழிலாளியைப் பார்க்க அலுவலகப் பெண்கள் ஜன்னலில் கூடுவார்கள். அதைச் சமத்துவம் என்று கொண்டாடியவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. பெண்கள் பட்டது இதைவிட நீளமானது, ஆழமானது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மை நோகடித்த பார்வையை இன்னொருவர்மேல் திருப்புவதில் நமக்கு என்ன கிடைத்துவிடுகிறது? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் சட்டையைத் தூக்கிப் பார்க்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு, அந்தக் கோடுகளில் பாதி நான் வரைந்தவை என்று யார் சொல்வார்கள்? நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவமோ அளவோ தோலோ திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆணின் உடலுக்கும் அதே சட்டம்தான். என் வேலைக்கு அப்படியொரு முத்திரை விழுந்தால் மனதாரச் சம்மதிப்பேன்.

முகத்தோடு ஒரு பிரதியும் சேர்த்து அனுப்பினேன். அவர்கள் தலையில்லாததையே எடுத்துக்கொண்டார்கள். கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெட்டிய பகுதி அழியவில்லை, மறைந்துதான் கிடக்கிறது. நேற்று திறந்து பார்த்தேன். அந்த உதட்டு வெடிப்பு அப்படியே இருந்தது. முகம் வராது என்று தெரிந்ததும் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தேன்.