7 ஏக்கர் தரிசும் புள்ளிமானும்

நேத்து காலைல எங்க நிலத்துத் தண்ணித் தொட்டிப் பக்கம் ஈர மண்ணுல மான் குளம்புத் தடம் பாத்தேன், பெருசா ஒரு தடம், அத ஒட்டியே என் பெருவிரல் அகலத்துக்கு ஒரு குட்டித் தடம். மூணு வருசமா இந்தக் குட்டித் தடத்துக்காகத்தான் கிடந்து அலைஞ்சேன், அதனாலதான் வேலைய எல்லாம் போட்டுட்டு உக்காந்து எழுதுதேன்.

எங்க நிலம் திருநெல்வேலி மாவட்டத்துல கங்கைகொண்டான் பக்கம். தாத்தா இருந்தவரைக்கும் மானாவாரியா சோளமும் உளுந்தும் போட்ட 7 ஏக்கர், அவுக போன பெறவு யாரும் உழல, சீமைக்கருவேல் ஏறி உள்ள நுழையவே முடியாதபடி ஆயிட்டு. கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 2013ல அறிவிச்சது, மொத்தமே 288 ஹெக்டேர்தான், அதாவது 700 ஏக்கர் சொச்சம், பக்கத்துலயே நாலுவழிச் சாலையும் சிப்காட் தொழிற்பேட்டையும். மானுக்கு எல்லைக்கல் எங்க தெரியுது? பங்குனி சித்திரைல தண்ணி தேடி வெளிய வருது, வந்தா நாய் வெரட்டுது, லாரில அடிபடுது, மதில் இல்லாத கிணத்துல விழுது. சின்ன வயசுல எங்க கிணத்துக்குள்ள ஒரு பெண்மான் செத்துக் கிடந்ததப் பாத்திருக்கேன், அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி. அதனாலதான் அந்தத் தரிச மான் பயமில்லாம வந்து தங்குத எடமா ஆக்கணும்னு எறங்கினேன்.

எங்க அத்தான் டெக்சாஸ்ல இருக்காவ, அங்க சேக்காளிகளோட சேந்து வேட்டைக்குன்னு ஒரு பண்ணைய வருசக் குத்தகைக்கு எடுத்திருக்காவ. அந்த ஊர்ல நிலம் பூராவும் கிட்டத்தட்ட தனியார் கையிலதான், அதனால மான் வேட்டைன்னா பெரும்பாலும் பண்ணைக்காரன்ட்ட குத்தகை பேசித்தான் போகணும், குத்தகை எடுத்தவன் மான் நல்லா வரணும்னு நிலத்துல வருசம் பூரா வேலை செய்வான். இதுல எனக்கு நெஞ்சுல குத்துன சங்கதி என்னன்னா நம்ம ஊரு புள்ளிமானை 1932லயே டெக்சாஸுக்கு கொண்டுபோய் விட்டிருக்காங்க, இப்ப அங்க மலைச்சரிவுல எல்லாம் அது பெருகிக் கிடக்கு. அங்கத்து வெள்ளைவால் மானை சீசன்லதான் சுடலாம், நம்ம புள்ளிமான் வெளியூர்ச் சரக்குங்கறதால லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தா வருசம் பூராவும் சுடலாமாம். வெள்ளைவால் மானுக்கு முத்தின புல்லு செரிக்காது, புள்ளிமான் தழையும் தின்னும் புல்லும் தின்னும், அதனால வறட்சில இது பொழைச்சுக்கிடும் அது ஒடுங்கிப் போயிரும், அங்கத்து ஆளுக இத ஒரு தொந்தரவாத்தான் பாக்காங்க. அவங்க மண்ணுக்கு அது நியாயமாக்கூட இருக்கலாம், எனக்குத்தான் கேக்க மனசு ஒப்பல.

நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பெறவு மானைச் சுடுறது மட்டும் இல்ல, கண்ணி வைக்கிறது, வெரட்டிப் பிடிக்கிறது, பிடிக்கணும்னு தீனி போட்டு இழுக்கிறது எல்லாமே வேட்டைதான். உதிர்ந்து கிடக்கிற கொம்பக்கூட எடுத்து வீட்டுச் சுவத்துல மாட்டக்கூடாது. இத நான் அத்தான்ட்ட மொதல்லயே சொல்லிட்டேன். அதுக்கு அவுக, "ஏ மாப்ள, நான் உன்ன சுடவா சொல்லுதேன், மானை நிலத்துக்கு வரவைக்கிற வேலை துப்பாக்கி இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், நான் 15 வருசமா செய்யுத வேலைய சொல்லித்தாரேன் கேளு"ன்னாவ. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் பேசினோம்.

அங்க மானுக்குன்னே பாத்தி போடுவாங்களாம், அதுக்கு என்ன விதைப்பீங்கன்னு கேட்டா ஓட்ஸ், கோதுமை, அப்புறம் தட்டப்பயறு, மொச்சை! நம்ம கரிசல்ல காலங்காலமா ஊடுபயிராப் போடுத தட்டப்பயற அங்க மான் தீனின்னு பைல போட்டு விக்காங்க, கொடி படர்ந்து தழை தழையா வருது, மான் மேஞ்சாலும் திரும்பத் துளுக்குதுங்கறதுதான் காரணமாம். அதே மாதிரி அங்கயும் நம்ம சீமைக்கருவேலுக்குப் பங்காளி மரம் ஒண்ணு இருக்கு, அந்த விறகுலதான் கறி சுடுவாங்களாம், அது மண்டுனா அவங்களும் நம்மள மாதிரியே வெட்டி அழிக்காங்க. ஆனா அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது தீனியப் பத்தி இல்ல. தீனி கடைசிதான் மாப்ள, மொதல்ல ஒளியறதுக்கு எடம், பெறவு தண்ணி, அதுக்கும் மேல ஆள் அரவம் இல்லாம இருக்கணும்னாவ.

இத நான் முன்னாடியே கேட்டிருக்கணும். மொத வருசமே ஜேசிபிய விட்டு 4 ஏக்கரை வழிச்சுப் போட்டாச்சு, கரிமூட்டம் போடுத ஒருத்தர் மரத்துக்கு துட்டு தாரேன்னதும் சரின்னுட்டேன், பாக்க சுத்தமா கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒரு மான்கூட வரல. வெட்ட வெளில மான் எதுக்கு வரும், மறைவு இல்லாத எடத்துல அது நிக்கவே நிக்காது, காட்டு ஓரமா மறைவும் மேய்ச்சலும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் அதுக்குத் தோது. மிச்சம் 3 ஏக்கரை பட்டை பட்டையா எடுத்தேன், ஒரு பட்டைல சீமைக்கருவேல வேரோட பிடுங்கினா அடுத்த பட்டைய அப்படியே விட்டேன், பிடுங்குன எடத்துல உடை, வெள்வேல், இலந்தை, வாகை எல்லாம் வளந்து மறைவு வந்த பெறவுதான் அடுத்ததுல கை வைக்கிறது. வேரோட எடுக்கணும், மேல மட்டும் வெட்டுனா அடுத்த மழைல ஒண்ணு ஒம்பதா வெடிக்கும். வழிச்ச 4 ஏக்கர்ல கொழுக்கட்டைப்புல் விதைய ஐப்பசி மழைக்கு முந்தி தூவி விட்டேன், ரெண்டாவது வருசம் இடுப்பளவு நின்னுச்சு. குட்டி போட்ட மான் அந்தக் குட்டிய புல்லுக்குள்ள படுக்க வச்சுட்டுத்தான் மேயப் போகும், அதனால புல்லு உசரமா நிக்கணும், அறுக்கக்கூடாது.

தண்ணில ஒரு தப்பு நடந்துபோச்சு, இத எழுதவே கஷ்டமா இருக்கு. மொதல்ல மாட்டுத் தொட்டி மாதிரி நேர்ச்சுவர் வச்சு தரைமட்டத்துக்கு சிமெண்ட் தொட்டி கட்டினேன். பத்தே நாள்ல ஒரு முயல் உள்ள விழுந்து ஏற முடியாம செத்து மிதந்துச்சு. அன்னைக்கே சம்மட்டி எடுத்து உடைச்சிட்டேன். இப்ப இருக்கது வனத்துறைக்காரங்க காட்டுக்குள்ள கட்டுத மாதிரி தட்டு வடிவம், 10 அடி அகலம், நடுவுல ஒண்ணரை அடிதான் ஆழம், எந்தப் பக்கம் எறங்கினாலும் ஏறி வந்திரலாம், கூடவே நாலு கல்லு போட்டிருக்கேன் தேனீயும் குருவியும் உக்கார. பழைய கிணத்துக்கு நாலடி மதில் எடுத்தாச்சு, சொல்லப்போனா எல்லா வேலைக்கும் முந்தி செஞ்சிருக்க வேண்டியது அதுதான், நிலத்துல சும்மா கிடக்கிற கிணறு வச்சிருக்கவங்க மானுக்காக வேற ஒண்ணும் செய்யாட்டியும் இத மட்டும் செஞ்சிருங்க.

பக்கத்து நிலத்து அண்ணாச்சி விசயத்தையும் மறைக்காம சொல்லணும். தட்டப்பயறு ஆசைல நான் அரை ஏக்கர் விதைச்சேன், மான் வந்துச்சு, ஆனா வந்தது போற வழில அவருடைய உளுந்தையும் மேஞ்சிட்டுப் போயிட்டு. "தம்பி நீ மானை வளக்க, நான் உளுந்தை இழக்கவா"ன்னு வேலிப் பக்கம் நின்னு கேட்டாவ. அவுக கேட்டதுல ஒரு எழுத்துகூட தப்பில்ல, மானாவாரிக்காரனுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான். அந்த வருச நஷ்டத்த நான் குடுத்தேன், அடுத்த வருசம் தட்டப்பயற நிறுத்தினேன், தொட்டிய அவுக நிலத்துக்கு எதிர்ப் பக்கம் மாத்தினேன், அவுக ஓரத்துல முள்ளு வேலிச் செலவுல பாதி நான் போட்டேன், கரண்டு வேலி மட்டும் வேண்டாம் அண்ணாச்சின்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். இன்னும் அவுகளுக்கு முழுசா மனசு ஆறல, தை அறுப்பு முடியுதவரைக்கும் எனக்கும் பயந்தான். அப்ப வந்து பாத்த வனத்துறை ஆள் ஒருத்தரும் அதையேதான் சொன்னாரு, தீனின்னு எதையும் வைக்காதீங்க சார், ஒரே எடத்துல கூட்டம் சேந்தா நோயும் சேரும் நாயும் சேரும், பழமரமா நடுங்க, அது பாட்டுக்கு வந்து பொறுக்கிட்டுப் போகட்டும்னாரு. நாவல், நெல்லி, அத்தி, இலந்தை நட்டிருக்கேன். நெல்லிக்காய முழுங்கிட்டு அசைபோடையில மான் கொட்டைய துப்பிரும், அப்படியே மரம் அங்கங்க தானா மொளைக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இது.

எல்லாத்துலயும் கஷ்டமானது ஆள் அரவம் இல்லாம வைக்கிறதுதான், அதுவும் நானே போகாம இருக்கிறது. ஆசைப்பட்டு உருவாக்கின எடம், சாயங்காலம் ஆனா வண்டிய எடுத்துட்டுப் போய் நின்னுடுவேன், மக வேற கூட வருவா. அத்தானோட பண்ணைல ஒரு பகுதிக்குள்ள வேட்டைக்காரங்களே சீசன் பூரா கால் வைக்க மாட்டாங்களாம், மானுக்கு அங்க தொந்தரவு இல்லைன்னு தெரியணும், அப்பத்தான் அது அந்தப் பண்ணையவே வீடா நினைக்கும்னு சொன்னாவ. சுடப்போறவன் அவ்வளவு பொறுமையா இருக்கான், பாக்க மட்டும் ஆசைப்படுத நான் ஏன் இருக்கக்கூடாதுன்னு உள்ள இருக்க 2 ஏக்கருக்கு போன வருசம் முழுசா யாரும் போகல. ஆடு விடுதவங்ககிட்டயும் சொல்லியாச்சு, விறகுக்கு வர்ற பெரியம்மாவுக்கு ஓரத்துலயே வெட்டிப் போட்டுருதேன். அந்த 2 ஏக்கர்ல இருந்துதான் நேத்து தடம் வந்திருக்கு, அதுக்குள்ளதான் எங்கயோ அந்தக் குட்டி படுத்திருக்கும்.

இன்னும் நாய்ப் பிரச்சினை தீரல, மூணு நாய் கூட்டமா சுத்துது, பஞ்சாயத்துல சொல்லி வச்சிருக்கேன், தினமும் வேலிய ஒரு சுத்து பாத்துட்டு வாரேன். குட்டி இருக்கதால தொட்டிக்குத் தண்ணி விடுதத மத்தியானம் 12 மணிக்கு மாத்திட்டேன், அந்த நேரம் மான் எல்லாம் நிழல்ல படுத்து அசைபோட்டுட்டு இருக்கும், வால்வைத் திறந்துட்டு சத்தம் காட்டாம வந்திரலாம்.